ஏலப்பாறைக்காரர்கள் பூட்ஸைக் கழற்றிய நாள்

நவமியன்று காலை எட்டரை மணி இருக்கும். வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கழுவி, முகப்பு விளக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். எதிரே மைதானத்தின் ஓரமாக ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் தைல வாசனையும் வாந்தி வாசனையும் ஒன்றாக வந்தன. பின்னாலேயே இருபது பேர் இறங்கினார்கள். எல்லாரும் பச்சை ஜெர்ஸி போட்டிருந்தார்கள்.

முன்னால் வந்தவர் குட்டையான, அகலமான மனிதர். கழுத்து என்று தனியாக ஒன்று அவருக்குக் கிடையாது. குமுளிக்கு மேலே மலையில் இருக்கும் ஏலப்பாறை தேயிலை எஸ்டேட் அணியின் கேப்டன் சுடலைமுத்து.

"என்னண்ணே, ஆளையே காணோம்? மேட்ச் பத்து மணிக்குல்லா?"

"ஏனுங்க, மேட்ச் அடுத்த வாரந்தானுங்களே?"

"அடுத்த வாரமா! நவமி லீவுன்னு இன்னைக்கு மாத்திட்டாவன்னு நேத்து சாயந்திரமே மெசேஜ் வந்துச்சே. ஒங்க போனுக்கு எத்தன தடவ அடிச்சேன் தெரியுமா?"

என் போன் அப்போது மாரியம்மன் காலடியில் இருந்தது. சுவிட்ச் ஆஃப் செய்து, துடைத்து, குங்குமம் வைத்து, முதல் நாள் சாயந்திரம் நானே என் கையால் கொண்டுபோய்ப் பூஜைக்கு வைத்திருந்தேன்.

போன் மட்டுமா? கிளப்பின் பந்துகள் நான்கும் அங்கேதான். ஜெர்ஸிகள், பூட்ஸ், காற்றடிக்கும் பம்ப், விசில் எல்லாமே அங்கேதான்.

பலாக்கொட்டைப் பந்து

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுக்கிறவர்களுக்காக நாலு வரி. எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இன்னும் கொஞ்சம் போனால் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. தென்னை, கடலைக்காய், கறவை மாடு, இதுதான் பிழைப்பு. இங்கே ரக்பி வந்ததற்குக் காரணம் மிலிட்டரி மாரப்பன் ஒருவர்தான். பட்டாளத்தில் ஆடியவர், ஓய்வு பெற்று வரும்போது டிரங்குப் பெட்டியில் ஒரு பந்து கொண்டு வந்தார். ஊர் அதற்குப் பலாக்கொட்டை என்று பெயர் வைத்தது.

ஆட்டத்தின் முதல் விதியே எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. பந்தை முன்பக்கம் எறியக்கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

"முன்னால போறதுக்குப் பின்னால குடுக்கோணும்னா என்ன வெளையாட்டுங்க இது?" என்று கேட்டான் துரைசாமி.

"ஒத்தையில போறவனுக்கு இல்லீடா இது" என்றார் மாரப்பன். துரைசாமி அதற்குப் பிறகு பதினாறு வருஷம் ஆடினான், அதில் பாதிக்கு மேல் கேப்டனாக.

மைதானமும் அவன் வீட்டு நிலம்தான், மாடு மேய விட்டிருந்த தரிசு. இரண்டு பக்கமும் கோல் போஸ்ட் நட்டோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் உயரமான இரண்டு கமுகு மரம், நடுவே குறுக்காக ஒன்று. முதல் மழையில் ஒரு கமுகு துளிர் விடுமா என்று பெரியவர்கள் பந்தயம் கட்டினார்கள். துளிர்க்கவில்லை.

எங்கள் ஆட்கள் முரடர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிராளியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்த்துவிட்டு, "பாத்துங்க, அடி பட்டுருச்சுங்களா?" என்று கேட்கிற கூட்டம். திருச்சூர்ப் பக்கத்து அணி ஒன்று, கேலி செய்கிறோம் என்று நினைத்து இதற்காகவே சண்டைக்கு வந்தது.

நான் ஆடியது இரண்டே வருஷம். முழங்கால் போனதும் கிளப் செக்ரட்டரி ஆனேன். பால் சொசைட்டியில் எழுத்தர் வேலை, கையெழுத்து நன்றாக இருக்கும், கண்டிப்பான ஆள் என்று ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு தகுதி என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

வைத்தது வைத்ததுதான்

பந்தைப் பூஜைக்கு வைக்கும் பழக்கத்தைத் தொடங்கியவரும் மாரப்பன்தான். பட்டாளத்தில் துப்பாக்கிக்குப் பூஜை போட்ட மனிதர், இங்கே பந்துக்குப் போட்டார். அஷ்டமி சாயந்திரம் மைதானத்து மூலையில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் வைத்தால், தசமி காலையில்தான் எடுப்பது. இடையில் தொடக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகத்தை வைத்துவிட்டு இரண்டு நாள் ஆனந்தமாகத் திரிவார்களே, அதே கதை.

அவர் இருந்தவரை ஒரு பந்தை மட்டும் வைப்பார். அவர் காலமான பின் நான் பக்தியைக் கொஞ்சம் கூட்டினேன். அந்த வருஷம் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் வைத்தேன். "போனும் ஆயுதந்தானுங்களே" என்று யாரோ சொல்ல, அதையும் வைத்தேன்.

ஊரில் நவமியன்று எதுவும் நடக்காது என்பது எங்கள் நம்பிக்கை. லீக் நடத்துகிறவர்களுக்கோ அது ஒரு லீவு நாள், ரெஃபரி கிடைக்கும் நாள், அவ்வளவுதான்.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருந்தது. லீக்கில் ஒரு சீசனில் இரண்டு முறை ஆள் இறக்காமல் வாக்ஓவர் கொடுத்தால், கிளப்பின் பெயரை லிஸ்டிலிருந்து அடித்துவிடுவார்கள். பெயர் போனால் போனதுதான். நாங்கள் ஏற்கெனவே ஒன்று கொடுத்திருந்தோம். புரட்டாசி ஆரம்பத்தில் எங்கள் முன்வரிசை மொத்தமும் கடலைக்காய் பிடுங்கப் போய்விட்டது. மழை வருகிறது, கடலை முளைத்துவிடும் என்றால் எந்த விவசாயி பந்து பொறுக்க வருவான்?

ஆக, அன்று பத்து மணிக்கு ஆள் இறங்கவில்லை என்றால் மாரப்பன் கிளப் ஒழிந்தது.

துரைசாமியை எழுப்பினேன். அவன் சைக்கிளில் போய் வீடு வீடாக ஆள் திரட்டினான். பதினைந்து பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் வேட்டியில் வந்தார்கள், இரண்டு பேர் வாயில் பொரி. கோயிலுக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டேன்.

"வெச்சது வெச்சதுதானுங்க. நாளைக்குக் காலையில வாங்க."

"கிளப்பே போயிருமுங்க."

"அதையும் ஆத்தாகிட்டயே சொல்லுங்க" என்று திருநீற்றை நீட்டினார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் சாவியைக் கொடுத்திருந்தாலும் எங்களில் ஒருவனும் உள்ளே கை வைத்திருக்க மாட்டான்.

எர்ணாகுளத்திலிருந்து வந்த ரெஃபரி வாட்சைத் தட்டினார். "டீம் எவிடெ? ஜெர்ஸி இல்லா, பூட்ஸ் இல்லா. வாக்ஓவர் எழுதட்டே?" வாக்ஓவர் பாரத்தை எடுத்து ஜீப் பானெட்டில் வைத்தார். அது சுடலைமுத்து கையெழுத்துப் போட வேண்டிய பாரம்.

கொழுந்து கிள்ளாமல்

சுடலைமுத்து பேனாவை வாங்கினார். மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"குமுளி எறங்கி, கம்பம், தேனி, பழனின்னு ராத்திரி பூரா குலுங்கி வந்திருக்கோம். ஆடாம பாயிண்ட எடுத்துட்டுப் போறதுன்னா, கொழுந்து கிள்ளாம எடை போடச் சொல்லுத மாதிரில்லா இருக்கு. எங்க ஆத்தா வெளக்கமாத்தால அடிக்கும்."

அவருடைய அம்மா முப்பது வருஷம் தேயிலை கிள்ளியவர். இவர் எஸ்டேட் ஃபேக்டரியில் கொழுந்து வாடவைக்கும் தட்டுகளில் வேலை பார்த்தார்.

அவர்களிடம் பழைய பச்சை ஜெர்ஸி ஒரு மூட்டை இருந்தது. பயிற்சிக்குப் போடுவது, வெளுத்துப் போனது. அதை எங்களுக்குக் கொடுத்தார்கள். நிறம் குழம்பாமல் இருக்கத் தாங்கள் போட்டிருந்த புது ஜெர்ஸியை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பந்தும் அவர்களுடையதுதான்.

பூட்ஸுக்கு வழியில்லை. ரெஃபரி தலையை ஆட்டினார். ஒரு பக்கம் ஆணி வைத்த பூட்ஸ், மறு பக்கம் வெறும் கால் என்றால் எலும்பு முறியும், சம்மதிக்க மாட்டேன் என்றார்.

சுடலைமுத்து தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "கழத்துங்கலே" என்றார். அவ்வளவுதான். பதினைந்து பேரும் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார்கள். எல்லைக் கோட்டை ஒட்டிப் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன.

எங்கள் தரிசில் நெருஞ்சி முள் உண்டு. எங்கள் கால் அதற்குப் பழகியது, மலைக்காரர்கள் பாவம், அட்டைக்குத்தான் பழகியவர்கள். எட்டுப் பேர் தோள் கோத்து எதிரணியை முட்டித் தள்ளும் ஒவ்வொரு ஸ்க்ரம்முக்கும் குனிவதற்கு முன் அத்தனை பேரும் ஒற்றைக் காலில் நின்று முள் எடுத்தார்கள். அப்படியும் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். பந்தை எதிர்க் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து நாங்கள் எடுத்தது ஒரே ஒரு ட்ரை. அது என் அக்கா மகன் கதிர்வேல் எடுத்தது. கோட்டோரம் ஆடுகிறவன், காற்று மாதிரி ஓடுவான். அன்று அவன் முதுகில் இருந்தது சுடலைமுத்துவின் பழைய எட்டாம் நம்பர்.

தோற்றோம். ஆனால் ஆடித் தோற்றோம், பெயர் லிஸ்டில் நின்றது. துரைசாமி அழுதான், நானும் அழுதேன்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிடுவது ரக்பியில் உலக வழக்கம். எங்கள் ஊரில் அதற்கு அரிசிம்பருப்புச் சாப்பாடும் மோரும். அன்று சாப்பிடுமுன் அரை மணி நேரம் முள் எடுக்கும் வேலை நடந்தது. எவன் கால் எவன் மடியில் என்று தெரியவில்லை. ஊர்ப் பெண்கள் தாலிக்கொடியிலிருந்து ஊக்கு கழற்றிக் கொடுத்தார்கள்.

ஜெர்ஸிகளைத் துவைத்து அனுப்பிவைத்தேன். எட்டாம் நம்பர் மட்டும் தங்கிப்போனது. வேலியில் காயும்போது ஆடு அதன் கைப்பகுதியைக் கடித்துவிட்டது. கிழிந்ததை அனுப்புவதா என்று பெட்டியில் வைத்தேன்.

அடுத்த வருஷம்

இது வரை சொன்னதை நான் எத்தனையோ கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன். இனி வருவதைச் சொன்னதில்லை.

அடுத்த ஐப்பசியில் சீட்டுக் குலுக்கலில் மறுபடியும் ஏலப்பாறை, மறுபடியும் எங்கள் மைதானம். இந்த முறை அவர்கள் தலைமேல் கத்தி. எஸ்டேட்டில் வேலை நிறுத்தம் நடந்த வாரத்தில் அவர்களால் வண்டி ஏற்பாடு செய்ய முடியவில்லை, ஒரு வாக்ஓவர் போயிருந்தது. இன்னொன்று போனால் பெயர் போகும்.

எங்களுக்கும் ஒன்று இருந்தது. எங்களுக்கு என்று சொல்வது பொய், எனக்கு. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் எங்கள் அணி மாநிலச் சுற்றுக்குப் போகும். மாநிலச் சுற்றில் ஆடினதாகச் சான்றிதழ் கிடைத்தால் கதிர்வேலுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். அவனுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே பெரிய கேள்வியாக இருந்தது.

ஏலப்பாறைக்காரர்களை ஆடி ஜெயிக்க எங்களால் முடியாது. அது எனக்குத் தெரியும்.

காலை பத்து மணி. ஏலப்பாறை வரவில்லை. பத்தரை வரை காத்திருப்பது விதி. வழியில் இருக்கிறோம் என்று தகவல் வந்து, உள்ளூர் கிளப்பும் சம்மதித்தால் இன்னும் ஒரு மணி நேரம் தரலாம். அதே எர்ணாகுளத்து ரெஃபரிதான். "எந்தெங்கிலும் விவரம் உண்டோ?" என்று, ஏதாவது தகவல் வந்ததா எனக் கேட்டார்.

நான் கழிப்பறைப் பக்கம் போனேன். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

"அண்ணே, சுடலைமுத்து பேசுதேன். குமுளி எறக்கத்துல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு, மூணு மணி நேரம் நின்னுட்டோம். இப்ப பொள்ளாச்சிக்கிட்ட வந்துட்டோம். ரெஃபரிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. வந்துருதோம்."

"சரிங்க" என்றேன். "வாங்க" என்றேன்.

திரும்பி வந்தேன். துரைசாமி எதிரே வந்தான். "போன் ஏதாச்சும் வந்துச்சுங்களாண்ணா?"

"இல்ல."

"மழைங்ணா. வழியில எங்கியோ மாட்டியிருப்பாங்க. காத்திருக்கலாமுங்க. போன வருசம் அவங்க நமக்குப் பண்ணுனது..."

"தகவல் இல்லாம எப்படிக் காத்திருக்கறது? விதின்னா விதி" என்றேன். கண்டிப்பான ஆள் அல்லவா.

பத்தரைக்கு ரெஃபரி பாரத்தைப் பானெட்டில் வைத்தார். உள்ளூர் கிளப்பின் சார்பில் செக்ரட்டரி கையெழுத்து. போட்டேன். என் கையெழுத்து எப்போதும் போல நன்றாகவே இருந்தது. ரெஃபரி கிளம்பினார்.

கால் மணி நேரத்தில் வேன் வந்தது. உள்ளேயே ஜெர்ஸி மாற்றி, பூட்ஸ் கட்டித் தயாராக இருந்தார்கள். ஓடும் வண்டியிலிருந்தே இரண்டு பேர் குதித்தார்கள்.

"ரெஃபரி எங்கண்ணே? சொன்னீங்கல்லா?"

"சொன்னேங்க" என்றேன். "அவர் கேக்கல."

துரைசாமி என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுப்பங்கரைப் பக்கம் போய், சாப்பாட்டுக்கு இலை துடைக்க ஆரம்பித்தான்.

சுடலைமுத்து கொஞ்ச நேரம் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். "பேரு போனா போவுது. வந்த காலு சும்மா போவக்கூடாது. ஆடுவோம்ணே. நீங்க விசில் ஊதுங்க."

ஊதினேன். எண்பது நிமிஷம் அவர்கள் ஆட்டத்துக்கு நான் விசில் ஊதினேன். எங்களை மறுபடியும் துவைத்தார்கள். மாநிலச் சுற்றுக்குப் போகிற அணி நாங்கள், லிஸ்டிலிருந்து போகிற அணி அவர்கள். அன்றும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். சுடலைமுத்து இரண்டாம் முறை மோர் வாங்கிக் குடித்தார். நான் பாதிச் சோற்றில் இலையை மடித்தேன், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு

கதிர்வேலுக்குச் சான்றிதழ் கிடைத்தது, அடுத்த வருஷம் வேலையும் கிடைத்தது. இன்று சொந்த வீடு, இரண்டு குழந்தைகள். நல்ல பையன், அவனுக்கு எதுவும் தெரியாது.

ஏலப்பாறை கிளப் திரும்பப் பதியவில்லை. பையன்கள் திருப்பூருக்கும் கொச்சிக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். எப்படியும் கலைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

துரைசாமி அந்த சீசனோடு ஆட்டத்தை நிறுத்தினான். முழங்கால் வலி என்றான். மைதானத்தை மட்டும் கிளப்புக்கு விட்டு வைத்திருக்கிறான். என்னோடு பேசுவான், பால் அளக்க வருவான், நலம் விசாரிப்பான். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல் வந்ததில்லை.

போன மாசம் சுடலைமுத்து வந்தார். வண்டன்மேட்டு ஏல விற்பனையிலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றிய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போகிற வழி. செக்போஸ்டில் வண்டி நின்ற இடைவெளியில் என்னைத் தேடி வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. கழுத்து இன்னும் முளைக்கவில்லை.

மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். புதுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கமுகு போஸ்டைக் கையால் தட்டினார். வீட்டுக்கு அழைத்து வந்து மோர் கொடுத்தேன்.

"அன்னைக்கு அந்த ரெஃபரி மட்டும் மனசு வச்சிருந்தா..." என்றார். "நீங்க என்னண்ணே செய்வீங்க, பாவம். ஒங்களால முடிஞ்சத சொன்னீங்க."

நான் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

எட்டாம் நம்பர் ஜெர்ஸியை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு அஷ்டமிக்கும் எங்கள் ஜெர்ஸிகளோடு அதையும் பூஜைக்கு வைக்கிறேன் என்றேன். இது உண்மை. அவர் கிழிந்த கையைத் தொட்டுப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார். "ஆடு தின்னதயா சாமிக்கு வைக்கிய? இங்கயே இருக்கட்டும்ணே" என்றார்.

படி இறங்கும்போது திரும்பினார். "நீங்க எழுதுத தொடர ஏலப்பாற டீக்கடையில வாராவாரம் வாசிக்கேன். அந்த வேன்ல வந்த ஏழெட்டுப் பேரு இன்னும் அங்கதான் கெடக்கானுவ. சத்தமா வாசிச்சுக் காட்டுவேன். எங்களப் பத்தி எப்பண்ணே எழுதுவிய?"

எழுதிவிட்டேன், சுடலைமுத்து. பூட்ஸைக் கழற்றினதையும் எழுதியிருக்கிறேன், பொள்ளாச்சிக்கிட்ட வந்துட்டோம் என்று நீங்கள் போன் செய்ததையும் எழுதியிருக்கிறேன். ரெஃபரி மறுக்கவில்லை. அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. டீக்கடையில் இதையும் சத்தமாகவே வாசியுங்கள்.